ஐம்பதாம் அறையில் இருந்த எண்

என் தவறால் ஒருவருக்கு வேலை போயிற்று. தவறு என்னுடையது என்று தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஓசூரில், ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தேன். ரப்பரை வேகவைக்கும் அச்சான மோல்டு எத்தனை விநாடி மூடியிருக்க வேண்டும் என்பதை ஆபரேட்டர் எண் சக்கரத்தைத் திருப்பி வைப்பார். அந்த எண் இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியின் நினைவகத்தில் ஐம்பதாம் அறைக்குப் போகும். அசெம்பிளி மொழியில் நான் எழுதிய புரோகிராம் அதை எடுத்து, அத்தனை விநாடி கழித்து மோல்டைத் திறக்க வேண்டும்.

வழக்கமான பாகத்துக்கு எண்பது விநாடி. ஒருநாள் தடித்த பாகம் வந்தது. அதற்கு நூற்றிருபது. அன்று எடுத்ததெல்லாம் உள்ளே வேகாமல் இருந்தது.

“ஏம்பா, மாந்தோப்புல படுத்திருக்கறதா நெனப்பா? சக்கரத்தத் தொடவே இல்லியா?” என்றார் சூப்பர்வைசர்.

“நூத்தி இருவதுதான் சார் வெச்சேன். எங்கொழந்த மேல சத்தியம்” என்றார் ஆபரேட்டர். நாகரசம்பட்டிக்காரர், வேலை இன்னும் நிரந்தரமாகாதவர்.

நான் நூற்றிருபது வைத்து ஐம்பதாம் அறையைப் பார்த்தேன். நூற்றிருபது இருந்தது. இயந்திரத்தில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மனம் ஒப்பாமல் மறுநாள் கடிகாரத்தோடு நின்றேன். நூற்றிருபது வைத்தால் எண்பதில் திறந்தது. அறுபது வைத்தாலும் எண்பது. அறையில் எண் சரியாகவே இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயரைச் சந்தேகித்தேன், கடிகாரத்தைச் சந்தேகித்தேன்.

மூன்றாம் நாள், என் புரோகிராமில் ஐம்பதுக்கு முன் நானே போட்டிருந்த ஒரு ஹாஷ் (#) குறி கண்ணில் பட்டது. அது இல்லாவிட்டால், ஐம்பதாம் அறையில் இருப்பதை எடு என்று பொருள். இருந்தால், ஐம்பது என்ற எண்ணையே எடு என்று பொருள். பதினாறு பதினாறாக எண்ணும் இயந்திரத்துக்கு ஐம்பது என்பது நம் எண்பது. அறையைத் திறந்தே பார்க்காமல், அறை எண்ணையே விநாடியாக எடுத்துக்கொண்டிருந்தது. வழக்கமான பாகத்துக்கும் எண்பதே என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

குறியை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

நான்கு வருடம் கழித்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. பர்கூரில் கல் அறுக்கும் பட்டறையில் அந்த ஆபரேட்டரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

“அப்ப நான் வெச்சது சரிதானே சார்? வூட்டுக்கு வாங்க, எம்பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க. கொழந்த மேல பொய்ச்சத்தியம் பண்ணிட்டேன்னு இன்னிக்கும் பேசறா.”

போய்ச் சொன்னேன்.

“உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?” என்றார் அந்த அம்மாள்.

“மூணாவது நாளே.”

அவர் உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. ஆபரேட்டர் மட்டும் சிரித்துக்கொண்டே எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர் ஏன் சிரித்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.