கனகசெட்டிக்குளத்தில் நிற்காத பஸ்

சுனாமி வந்துபோன மறுவருடம் நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு முத்தியால்பேட்டையில். எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு மதாம் இருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்ததும் மதாம் பிரான்சை விட்டுத் தான் பிறந்த தெருவுக்கே திரும்பிவிட்டார். பிள்ளைகள் இல்லை. காய்கறிக்காரர், தபால்காரர், தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மதாம்தான்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எங்கிட்ட இருக்கறத வெச்சு ஒரு பொண்ணயாவது படிக்க வெக்கணும். ஆனா செக்கக் குடுத்துட்டு போட்டோ புடிச்சிக்கறதெல்லாம் எனக்குப் புடிக்கல. மொதல்ல அவங்ககூடப் பழகணும். நீதான் ஸ்கூட்டர் ஓட்டுறியே, என்னக் கூட்டிட்டுப் போ."

அப்படித்தான் கனகசெட்டிக்குளம் போக ஆரம்பித்தோம். புதுச்சேரியின் வடக்கு ஓரம். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. மீனவர் ஊர். கடல் உள்ளே வந்துபோன பிறகு அந்த ஊருக்கு யார் யாரோ வந்திருந்தார்கள். பேனர் கட்டினார்கள், படகு கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதனால் எங்களைப் பார்த்ததும் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு அம்மாள் நேராகவே கேட்டார்.

"நீங்க இன்னா தர்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. பேசிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் மதாம்.

அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "பேசறதுக்குன்னு வந்தவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

பேசினோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனோம். வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து பிளஸ் டூ படிக்கும் ஐந்து பெண்களுக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், மதாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். பாடம் முடிந்ததும் அவர்களுடைய அம்மாக்கள் வருவார்கள். யார் வீட்டிலாவது சோறும் மீன் குழம்பும் இருக்கும். மதாம் தரையில் உட்கார்ந்து முள்ளெடுத்துச் சாப்பிடுவதை அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஐவரில் ஒருத்திக்குக் கணக்கு அபாரமாக வரும். நான் போர்டில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்துவிடுவாள். மதாம் தீர்மானித்துவிட்டார். அவளைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்வது, கல்லூரி முடிகிற வரை எல்லாச் செலவும் தன்னுடையது. பயணம் இல்லை, வீட்டு வேலை இல்லை, படிப்பு மட்டும்தான்.

இதைச் சொல்லப் போன அன்று எனக்கே பெருமையாக இருந்தது. அவளுடைய அம்மா கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"நா வரல மதாம்."

மதாமின் முகம் வெளுத்துப்போயிற்று. அம்மா மகளின் முதுகில் ஒன்று வைத்தார். "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? வூடு தேடி வந்து குடுக்கறாங்க."

"என்ன மட்டும் தூக்கிட்டுப் போயிட்டா இவளுங்க எப்படிக் காலேஜு போவாளுங்க?" என்றாள் அவள். அழவில்லை. "எனக்குத் தங்க எடம் வேணாம். எங்க ஊர்ல பஸ்சு நிக்கணும். நின்னா நாங்க அஞ்சு பேரும் போயிடுவோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ பஸ் ஓடுகிறது. அந்த ஊருக்கு முறையான நிறுத்தமும் இருக்கிறது. "பஸ்தான் நிக்குதே" என்றேன்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க ஸ்கூட்டர்ல வர்றீங்கக்கா" என்றாள் இன்னொருத்தி. "நாளைக்கு காலைல எங்ககூட வந்து நில்லுங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஐந்து பெண்களும் யூனிஃபார்மில், ரிப்பன் வைத்துப் பின்னிய சடையோடு நின்றிருந்தார்கள். முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஒரு தனியார் பஸ் வந்தது. வேகத்தைக் குறைக்கக்கூட இல்லாமல் போயிற்று. அடுத்தது எங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்று, அங்கே கைகாட்டிய ஒரு பேன்ட் போட்டவரை ஏற்றிக்கொண்டு, இவர்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது. இவர்கள் அதை எதிர்பார்த்துத்தான் ஓடினார்கள் என்று தோன்றியது. யாரும் திட்டவில்லை. திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார்கள்.

"அக்கா, நீங்க மட்டும் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஐவரும் பெட்டிக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

அடுத்த பஸ் வந்தது. நான் கையைக்கூட ஆட்டவில்லை. என் முன்னால் வந்து நின்றது. கடைக்குப் பின்னாலிருந்து அவர்கள் ஓடிவந்து என்னைத் தள்ளாத குறையாக ஏறினார்கள்.

"யாருடி அது, எறங்கு எறங்கு. மீன் நாத்தம் தாங்கல, பஸ்சுல மனுசன் வரவேணாமா?" என்று ஒரு குரல் கத்தியது. "ஏறித் தொலைஞ்சிட்டீங்கல்ல, பின்னாடி போயி நில்லுங்க. சீட்டுல ஒக்காந்தா அடுத்த ஸ்டாப்புல எறக்கி வுட்டுருவேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். கண்டக்டர் திரும்பினார். எங்கள் தெருக்காரர். சின்னப் பையனாக இருந்தபோது மதாமிடம் கொஞ்ச நாள் பிரெஞ்சு படித்தவர். ஜிப்மர் ஆஸ்பத்திரியிலிருந்து மதாமுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பவர். என் அப்பா விழுந்து காலை உடைத்துக்கொண்ட அன்று ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர். அவரைப் பற்றித் தெருவில் யாரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். "அட, நீங்களாக்கா. முன்னாடி வாங்க, சீட்டு இருக்கு."

நான் அந்த சீட்டில் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தேன். பின்னால் அந்தப் பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பஸ் கிடைத்துவிட்ட சந்தோஷம். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

சாயங்காலம் தெருமுனையில் அவருக்காகக் காத்திருந்தேன்.

"நான் இன்னாக்கா பண்றது" என்றார். "அந்த ஸ்டாப்புல நிக்காதன்னு ஓனர் சொல்லிட்டாரு. பள்ளிக்கூடப் பசங்களுக்கு டிக்கெட்டும் கம்மி. மீன்காரங்க ஏறினா மத்தவங்க மூக்கப் புடிச்சிக்கிட்டு வேற பஸ்சுக்குப் போயிடறாங்களாம்."

"அந்தப் பொண்ணுங்க மேல நாத்தம் அடிச்சுதா?"

அவர் பையைத் தோளில் சரிசெய்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"அப்பறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சி."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். வெட்கப்பட்டுச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யார் அந்தக் கண்டக்டர் என்று சொன்னபோது, "அவனா?" என்று கேட்டார். பிறகு இன்னொரு முறை, "நம்ம அவனா?" என்றார். அடுத்த திங்கட்கிழமை விடியலில் கைத்தடியோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

நிறுத்தத்தில் பெண்கள் வழக்கம்போலக் கடைக்குப் பின்னால் போகப் பார்த்தார்கள். "யாரும் ஒளியக் கூடாது" என்று மதாம் சொல்லிவிட்டார். அவர் நடுவில், பெண்கள் இரண்டு பக்கமும். முதலில் வந்த பஸ் நிற்காமல் போயிற்று. மதாமின் வெள்ளைப் புடவை முழுக்கப் புழுதி. வாயைத் திறந்தபடி அந்தப் பஸ் மறைகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார். வயதான ஒருத்தி சாலையோரம் நிற்பதைப் பார்த்தும் போவார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

அடுத்து எங்கள் தெருக்காரரின் பஸ். தாண்டிப் போவதற்குள் விசில் சத்தம் கேட்டது. நின்றது. அவர் படியிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

"மதாம், நீங்க எதுக்கு இங்க வந்து நிக்கறீங்க?"

"இதுங்க எதுக்கு நிக்குதோ அதுக்குத்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்களை முதலில் ஏறச் சொன்னார். அன்று அவர்கள் உட்கார்ந்து போனார்கள். அதற்குப் பிறகு அவர் வேலையில் இருந்த நாளெல்லாம் அந்தப் பஸ் நின்றது. மற்றவை நிற்கவில்லை.

பிறகு அம்மாக்களும் பெண்களுமாகப் போக்குவரத்து அதிகாரியிடம் மனுக் கொடுக்கப் போனோம். அவர் பஸ் முதலாளிகளையும் வரச் சொல்லியிருந்தார். நிற்காமல் எந்த பஸ்சும் போவதில்லை என்று அவர்கள் சாதித்தார்கள். அதிகாரி எங்களைப் பார்த்து, "அவங்க நிக்குதுன்றாங்களே. சாட்சி இருக்கா?" என்று கேட்டார்.

கதவோரம் நின்றிருந்த எங்கள் தெருக்காரர் முன்னே வந்தார். நாங்கள் அவரைக் கூப்பிடவே இல்லை. காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

"நிக்கறதில்ல சார். நிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்கள அனுப்பறாங்க."

அவருடைய முதலாளி எழுந்துகூட நிற்கவில்லை. "நாளைலேருந்து வரவேணாம்" என்று மட்டும் சொன்னார். சாதாரணக் குரலில், அதிகாரி முன்னாலேயே. அதிகாரி அதைக் கேட்காததுபோல ஒரு காகிதத்தைப் புரட்டினார். நான் மதாமைப் பார்த்தேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்கப் போனது ஒரு பஸ்சை. அதற்கு இன்னொரு வீட்டில் அடுப்பு அணையும் என்று யாரும் நினைக்கவில்லை.

மதாம் உதவி செய்கிறேன் என்று அவர் வீட்டுக்குப் போனார். "வேணாம் மதாம். நீங்க சொல்லி நான் பண்ணல" என்று அவர் மறுத்துவிட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து வரவே இல்லை. அந்த வாரம் முழுவதும் தெருவில் என்னோடும் அவர்கள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவே வாசலில் வந்து நின்றது. கனகசெட்டிக்குளத்து அம்மாக்கள் கூடையோடு வரிசையாக நடந்து வந்தார்கள். மீன் விற்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து யாரோ விலை கேட்டார்கள். "விக்கறதுக்கில்ல" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் வீட்டுக்குள் போனார்கள். அந்தக் கணக்குப் பெண்ணின் அம்மாதான் முதலில் நுழைந்தார். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன்.

அவர்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்டக்டரின் மனைவி அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வஞ்சிரம் இருக்கு, புள்ளைங்களுக்கு வறுத்துக் குடு தாயி" என்றார் அந்த அம்மா. "ஒங்க வூட்டுக்காரரு மறுபடி வேலைக்குப் போற வரைக்கும் மீனுக்குக் கவலப்படாத. எங்களால முடிஞ்சது அதான்."

கண்டக்டரின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்துபோய் எல்லோருக்கும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கண்டக்டர் கொல்லைப்புறத்திலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

சில மாதம் கழித்து அவருக்குக் கடலூர் பக்கம் ஓடும் ஒரு பஸ்சில் வேலை கிடைத்தது. நிற்காமல் போனால் அபராதம் என்று உத்தரவு வந்தது. காலையில் ஒரு அரசு பஸ்சும் விட்டார்கள். மதாம் தன் பணத்தை ஒரு பெண்ணுக்கென்று ஒதுக்குவதை விட்டுவிட்டார். யாருக்கு என்ன தேவை என்பதை அந்த அம்மாக்கள் கூடி உட்கார்ந்து சொல்வார்கள், அவர் கொடுப்பார். ஐவரில் மூன்று பேர் கல்லூரி முடித்தார்கள். ஒருத்தி தேறாமல் தையல் கற்றுக்கொண்டாள். ஒருத்தி கல்யாணமாகி மரக்காணம் போய்விட்டாள். கணக்குப் பெண் லாஸ்பேட்டையில் கணக்கே எடுத்துப் படித்தாள்.

சாயங்காலம் திரும்ப பஸ் இல்லாத குறை அப்படியே இருந்தது. அந்த உத்தரவு வந்து இரண்டு வருடம் கழித்து ஒருநாள் நூலகத்தில் பேப்பரைப் பிரித்தபோது, சாலையில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளின் படம் போட்டிருந்தது. மாலை பஸ் கேட்டுக் கனகசெட்டிக்குளத்து மாணவிகள் மறியல். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியவே தெரியாது. பேப்பரை எடுத்துக்கொண்டு மதாமிடம் ஓடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா" என்றார். எனக்கும் அதுதான் தூக்கிவாரிப் போட்டிருந்தது. "நல்லது" என்று சொல்லிவிட்டு, படத்தில் இருந்தவர்கள் யார் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று விரல் வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.