கோட்டைக்குள் ஒரு கூவல்

எட்டாம் வகுப்பில் நான் கைட்ஸில் இருந்தேன். பையன்களுக்கு ஸ்கவுட், பெண்களுக்குக் கைட்ஸ். அந்த வருஷம் எங்களைப் பாலக்காட்டுக் கோட்டைக்குக் கூட்டிப் போய் ஓர் இரவு தங்கவைத்தார்கள். மைசூர்க்காரர்கள் கட்டியது, சுற்றிலும் அகழி, நுழைவில் அனுமார் கோயில் என்று டீச்சர் ஒரு வாரமாகப் பெருமை பேசினார். உள்ளே சப் ஜெயில் இருப்பதைப் போகிற போக்கில்தான் சொன்னார். மற்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அது புதிய செய்தி இல்லை. என் அப்பா அங்கேதான் இருந்தார்.

நல்லேப்பிள்ளியில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. கால்வாய்த் தண்ணீரை முறை வைத்து விடுவார்கள். எங்கள் முறையன்று பக்கத்து வயல்காரர், அப்பாவுக்குப் பங்காளி, மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வாய்ச்சண்டை முற்றி அப்பா மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் அவருக்குக் கை முறிந்தது. தண்ணீருக்காகவா இப்படி என்று கேட்கிறவர்கள் ஒருநாளும் வயல் வைத்திருந்திருக்க மாட்டார்கள். ஜாமீன் கிடைக்காமல் அப்பாவை ரிமாண்டில் வைத்தார்கள்.

என் பள்ளிக்கூடம் சித்தூரில் இருந்ததால் அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. டீச்சர் விசாரித்தபோது அம்மா கண்ணிமைக்காமல், "கோயமுத்தூருக்கு வேலைக்குப் போயிருக்காருங்க டீச்சர்" என்றாள். என்னை ஜெயிலுக்குக் கூட்டி வரவே கூடாது என்பது அப்பாவின் கட்டளை. கோட்டைக்குக் கிளம்பிய அன்று அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதே கண்ணு. அப்பா எங்கிருக்கறாருன்னு ஒருத்திக்கும் தெரியக் கூடாது."

பார்க்காமல் எப்படி இருப்பது? கூடாரம் கட்டும்போதும் கயிற்றில் முடிச்சுப் போடும்போதும் என் கண் ஜெயில் சுவரிலேயே இருந்தது. சுவருக்கு மேலே ஓட்டுக்கூரை மட்டும் தெரிந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். அப்பாவின் இருமல்தான் என்று ஒருமுறை நினைத்தேன், இல்லை என்று மறுமுறை நினைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபமும் இருந்தது. ஆனால் அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

எங்கள் வயலில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா மேலே மடையைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வார். நான் கடைசி வயலில் நிற்பேன். தண்ணீர் என் காலைத் தொட்டதும் "ஊ...ஓய்" என்று நீட்டிக் கூவுவேன். அவரும் பதிலுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு மடையை அடைப்பார்.

பொழுது சாய்ந்ததும் தீ மூட்டி எங்களைச் சுற்றி உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு அணியும் எழுந்து தன் கோஷத்தைக் கத்த வேண்டும். எங்கள் அணி கத்தி முடித்தபிறகு நான் மட்டும் நின்று, என் பலம் எல்லாம் சேர்த்துக் கூவினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இதெந்த நாட்டுக் கத்தல்?" என்றார் டீச்சர்.

"எங்கூருக் கத்தலுங்க டீச்சர்."

"எங்கே, இன்னொருக்காக் கத்து."

இன்னொரு முறையும் கூவினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அகழியில் தவளைகள் கத்தின. என் குரல்கூட அவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். கூடாரத்தில் அழுதபோது பக்கத்தில் படுத்திருந்தவளிடம் வயிற்றுவலி என்றேன். அவள் நல்லவள், ஓமத்திராவகம் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

அறுப்பு முடிந்த பிறகுதான் அப்பா வந்தார். இளைத்துப் போயிருந்தார். சில நாள் பொறுத்து, அன்று கோட்டையில் நான் கூவியது கேட்டதா என்று அவரிடம் கேட்டேன்.

"கேட்டுச்சு சாமி" என்றார்.

"அப்பறம் ஏம்ப்பா கொரல் குடுக்கல?"

"கண்ணசந்திருந்தேன். உங்கொரல் கேட்டதும், தண்ணி வந்துருச்சு, மடையடைக்கோணும்னு எந்திரிச்சு நடந்துட்டேன். ஜெயில் கம்பியில முட்டுன பொறகுதான் எங்கிருக்கறேன்னே தெரிஞ்சுது." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டாவது கத்துனயல்ல, அப்பத் துண்டை வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டேன். நாங் கொரல் குடுத்தா, உங்கூட வந்த புள்ளைகளுக்கெல்லாம் தெரிஞ்சு போயிருமே."

அடுத்த போகத்தில் அவர் மடையில் உட்கார்ந்தார், நான் கடைசி வயலில் நின்றேன். தண்ணீர் வந்து காலைத் தொட்டது. கூவ வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வரப்பு நெடுக நடந்து போய், "தண்ணி வந்துருச்சுப்பா" என்றேன். அதற்குள் எங்கள் வயல் நிறைந்து, வரப்பு வழிந்து, பங்காளியின் வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து போய் மடையை அடைத்தார்.