மேனேஜரின் தானியங்கிப் பெட்டி

நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு, குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் படியேறியே வீட்டுக்குப் போகிறவர் அவர். அங்கே லிஃப்டைப் பராமரிப்பது வேறு கம்பெனி. தான் திறந்து பார்க்காத இயந்திரத்தை அவர் நம்புவதில்லை. திறந்து பார்த்ததையும் முக்கால்வாசிதான் நம்புவார். அப்படிப்பட்டவர்தான் பூனைக்குத் தானியங்கிப் பெட்டி வாங்கி வந்தார்.

காரணம் அக்காவின் முழங்கால். வீட்டில் அவர்கள் இருவரும் ஒரு கிழட்டு ஆண் பூனையும்தான். எல்லோரையும் முறைப்பான், எந்த வேலையும் செய்யமாட்டான் என்பதால் அவனுக்கு மேனேஜர் என்று பெயர். அவன் மலஜலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் குனிந்து கரண்டியால் அள்ளிச் சுத்தம் செய்தவள் அக்கா. குனியக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் திருட்டுத்தனமாகக் குனிந்துகொண்டிருந்தாள். தம்பி அள்ளலாமே என்ற யோசனை அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை, தம்பி உட்பட.

புதுப் பெட்டி பார்ப்பதற்குச் சலவை இயந்திரத்தின் தங்கை மாதிரி இருந்தது. பூனை போய்விட்டு வெளியே வந்ததும் உருளை தானே சுழன்று, மணலைச் சலித்து, கட்டிகளைக் கீழ் அறையில் தள்ளிவிடும். உள்ளே ஏதாவது இருந்தால் சுழலாது. சோதிப்பதற்காக அவர் கையை விட்டு எடுத்தார், டூல் பையை வைத்து எடுத்தார். எடுக்க எடுக்க அது உறுமிக்கொண்டு சுழன்றது. திருப்தியோடு பழைய தட்டைக் குப்பை வண்டியில் போட்டார். மேனேஜர் அதற்குள் கட்டிலுக்கு அடியில் போயிருந்தான்.

புதிதாக மாட்டிய லிஃப்டில் முதல் ஆள் ஏறும்போது மெக்கானிக் கூடவே நிற்க வேண்டும் என்பது அவர் தொழில் வழக்கம். எனவே குளியலறையில் பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் வந்து வாசலில் உட்கார்ந்தான். சாயங்காலம் வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவில் மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்பதால் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

பூனை ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அக்கா கால்நடை டாக்டருக்குப் போன் செய்தாள். ஆண் பூனை இப்படி அடக்கிக்கொண்டே இருந்தால் உயிருக்கே ஆபத்து, மதியத்துக்குள் போகாவிட்டால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார் டாக்டர். தம்பி உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லடா," என்றாள் அக்கா. "நீ குளிக்கிறப்ப நான் ஸ்டூல் போட்டு எதுக்க உக்காந்தா நீ குளிப்பியா?"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "எல்லாம் அவன் பாதுகாப்புக்குத்தான்க்கா."

"பிளக்கைப் புடுங்கு. அப்புறம் நீயும் வெளிய வா."

கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு இருவரும் கூடத்தில் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். உள்ளே மணலைப் பிராண்டும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு பிளக்கை மாட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. இப்போதெல்லாம் அவர் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் மண்டியிட்டு, தானியங்கி உருளைக்குள் தோள்வரை கையை விட்டு, கரண்டியால் அள்ளுகிறார். வாய் குறுகல், பழைய தட்டைவிட இதில் சிரமம் அதிகம். சாதாரணத் தட்டு ஒன்று வாங்கிவிடலாமே என்று அக்கா கேட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா," என்றார் உருளைக்குள்ளிருந்து. "இதுக்குப் பழகிட்டான். மாத்தினா மறுபடி அடக்கிக்குவான்."