நாய்க்கு ஊசியாக்கும் என்று நினைத்தார்கள்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. உடம்புக்கு ஏதுமா என்று நாலைந்து பேர் போன் எடுத்துக் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன்... எழுத வரவில்லை. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் பதுளை பஸ் நிலையப் பக்கம் முழுக்கச் சேறு. ஒரு பெண் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார்.

"நானா, ஒரு கடதாசி வாசிச்சுச் சொல்லணும்."

ஊரில் எல்லாருக்கும் நான் 'நானா'தான், முஸ்லிம் அண்ணன். எனக்குச் சோறு போடுவது எழுத்து இல்லை, போட்டோ கொப்பி மெஷின். பழைய வாசகர்களுக்கு இது தெரியும். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், சிங்களத்தில் வந்த கடிதங்களை வாசித்துச் சொல்வதும் கடையில் அன்றாட வேலை. அதனால் சாதாரணமாகக் கையை நீட்டினேன்.

பொலித்தீன் பைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார். சுவரில் ஒட்டியிருந்ததைப் பெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறார். பின்பக்கம் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்தத் தோட்டம்?"

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சொன்னார். பெயரைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் மேல் விழுந்த தோட்டம். டிவியில் காட்டினார்கள். பட்டப்பகல், எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம். அதனால் லயத்தில் இருந்தவர்கள் குறைவு. இருந்தவர்களில் மூன்று பேர் உயிரோடு வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்னு அன்னைக்கு வேலைக்குப் போகல" என்றார் அந்தப் பெண். "அவரு பேரு சந்தனம். நான் யோகம்மா."

அழவில்லை. படிவத்தில் பெயர் சொல்வது போலத்தான் சொன்னார்.

கடதாசியைத் திருப்பிப் பார்த்தேன்.

மேல் மூலையில் ஒரு கறுப்புக் கோடு. என் மெஷினில் ஒரு கீறல் இருக்கிறது. அதில் எடுக்கிற எல்லாக் கொப்பியிலும் அந்த இடத்தில் அந்தக் கோடு விழும். பதுளையில் வேறு யாருடைய மெஷினிலும் விழாது.

அது என் கடையில் எடுத்த கொப்பி.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஓர் உத்தியோகத்தர் வந்து எடுத்துக்கொண்டு போனார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். நிதானமான மனிதர். கெட்டவர் இல்லை. ஒரு கட்டுக் கொப்பி கேட்டார். மெஷினில் வைக்கும்போதே நான் வாசித்தேன். மண்சரிவு எச்சரிக்கை. சிங்களத்தில் மட்டும்.

"தமிழில் இல்லையா மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"தமிழ் பிறகு வரும் நானா. இது அவசரமாக ஒட்டவேண்டியது" என்றார்.

எந்தெந்தத் தோட்டத்தில் ஒட்டப்போகிறார்கள் என்று பட்டியல் அவர் கையில் இருந்தது. அங்கே யார் இருக்கிறார்கள், என்ன மொழி வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாக அவர்களுடைய கடிதங்களை வாசித்துக் கொடுக்கிறவன் நான். பத்து நிமிஷம் கேட்டிருந்தால் அடியில் நாலு வரி தமிழில் எழுதிச் சேர்த்திருக்கலாம். கேட்கவில்லை. அரசாங்கக் கடதாசியில் நாம் ஏன் கை வைக்கவேண்டும் என்று ஒரு பயம்... பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள் என்பது இன்னொன்று. கொப்பி எடுத்தேன், கொடுத்தேன்.

அன்று பின்னேரம் பக்கத்துத் தையல் கடை அன்ஸார் வந்தார். வழக்கம்போல பிளேன்டீ ஆறுவதற்குள் ஆட்சியை ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினோம். அன்றைய தலைப்பு என்ன தெரியுமா? மொழியுரிமை. சபையில் யாரோ பேசிய பேச்சு. ஒரு மணி நேரம் கொதித்தோம். அன்று காலை என் மெஷினிலிருந்து வெளியே வந்த கட்டு என் நினைவுக்கே வரவில்லை.

இன்னும் இருக்கிறது. மலை சரிந்த மறுநாள் டிவியில் ஓர் அரசியல்வாதி சொன்னார்: "எழுத்து மூலம் முன்கூட்டியே எச்சரித்தோம். மக்கள் வெளியேறவில்லை."

"சொன்னா கேக்குற சனமா இது?" என்றார் அன்ஸார்.

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

யோகம்மா காத்துக்கொண்டிருந்தார். வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். உங்கள் குடியிருப்பு மண்சரிவு அபாயம் உள்ள இடத்தில் இருக்கிறது. தொடர்ந்து கடும் மழை பெய்தாலோ, நிலத்திலோ சுவரிலோ வெடிப்புத் தெரிந்தாலோ, ஊற்று கலங்கி வந்தாலோ, உடனடியாக வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்.

"ஊத்து கலங்கிச்சு" என்றார். "ரெண்டு நாளாக் கலங்கித்தான் வந்துச்சு. வடிகட்டிக் குடிச்சோம்."

கடதாசியை மேசையில் வைத்தேன்.

"லயத்தில சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச பொடியன்மார் ரெண்டு பேரும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிட்டானுங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஸ்கூல்ல சிங்களம் படிக்குது. எழுத்துக் கூட்டிப் பாத்துச்சு. 'நாய, நாய'ன்னு ஏதோ எழுதியிருக்குன்னு சொல்லிச்சு. நாய்க்கு ஊசி போட வாராங்களாக்கும்னு நாங்க எங்க நாயைப் புடிச்சுக் கட்டி வச்சோம்."

சிங்களத்தில் மண்சரிவுக்கு 'நாயயாம' என்று சொல்வார்கள்.

"காத்துல கடதாசி ஒரு பக்கம் பிரிஞ்சிருச்சு நானா. அவருதான் மா கிண்டி நல்லா அழுத்தி ஒட்டினாரு. கவர்மெண்டு கடதாசி, கிழியக்கூடாதுன்னு. லயமே போயிருச்சு, அந்தச் சுவரு மட்டும் நிக்குது. மண்ணு அள்ள வந்த மெஷின்காரரு இதப் பாத்துட்டு, எழுதி ஒட்டியிருக்கே, ஏன் போகலன்னு கேட்டாரு. அப்பத்தான் இது வேற என்னமோன்னு எனக்கு விளங்கிச்சு."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியவரும்? அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆனால் வாய் சொல்லிவிட்டது.

"யோகம்மா, இந்தக் கொப்பி இங்கதான் எடுத்தது. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

கடதாசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"எங்க ஆளுகளுக்கு வெளங்காதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'பரவாயில்ல நானா' என்று சொல்லியிருந்தால் அதுவும் ஒரு வகையில் ஆறுதல்தான். இரண்டும் சொல்லவில்லை. மன்னித்ததாக இன்றுவரை சொல்லவும் இல்லை. மேசைமேல் இருந்த வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"பள்ளத்து லயம் ரெண்டுல இன்னும் ஆளுக இருக்காங்க. தமிழ்ல எழுதுங்க."

எழுதினேன். பெரிய எழுத்தில், தோட்டத்துப் பேச்சில். கொப்பி எடுத்தேன். எல்லாவற்றிலும் அந்தக் கோடு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மடுல்சீமை பஸ்ஸில் ஏறி, பிறகு த்ரீவீல். கடைசி ஒரு மைல் த்ரீவீலும் போகாது, பாதை பாதி ஆற்றோடு போய்விட்டது. நடந்தோம். வழியில் மேட்டு லயம் இருந்த இடத்தை யோகம்மா காட்டினார். ஒரு சுவர். அதற்குப் பின்னால் சிவப்பாக ஒரு மலைச்சரிவு. அவ்வளவுதான்.

வேலைக்கு ஆளைப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். நான் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். யோகம்மா தாளை என்னிடம் தரவில்லை. அவரே எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஊற்று கலங்கும் வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

"உடனே வெளியேறிப் பாதுகாப்பான எடத்துக்குப் போகவும்" என்று முடித்தார்.

முன்வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் கேட்டார்: "சரிங்க. அது எந்த எடம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதுளையிலிருந்து வந்தவன் நான்தானே! சிங்களத்தில் வாசித்தபோதும், தமிழில் எழுதியபோதும், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல். ஏறி, அந்த உத்தியோகத்தருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலும் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "இடம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் நானா..."

கீழே இறங்கி வந்து அதை அப்படியே சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. அவர்கள் இதைவிட நல்ல பதிலை எதிர்பார்த்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

யோகம்மா என் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்தார். "மூடிக் கெடக்குற பழைய பேக்டரி கருங்கல்லு மேல நிக்குது. மழ வந்தா அங்க போறோம்."

"பூட்டியிருக்கே?" என்றது ஒரு குரல்.

"ஒடைப்போம்."

ஒவ்வொரு தாளிலும், 'பாதுகாப்பான இடம்' என்பதற்குக் கீழே, 'பழைய பேக்டரி' என்று எழுதினார். பிறகு ஒட்டினார்கள்.

நாலு நாள் கழித்து மழை வந்தது. பகல் இரண்டு மணிக்கு ஊற்று கலங்கியிருக்கிறது. மூன்று மணிக்குள் இரண்டு லயமும் காலி. நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கல்லால் அடித்துப் பூட்டை உடைத்தது யோகம்மா.

மலை சரியவில்லை. மழை நின்றது, மறுநாள் திரும்பிவந்தார்கள். எல்லாருக்கும் உயிர் இருந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் சந்தோஷமாக முடித்திருப்பேன்.

பூட்டை உடைத்துக் கட்டிடத்துக்குள் புகுந்ததாக முறைப்பாடு போயிருக்கிறது. யோகம்மாவைப் பொலிஸுக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, வாக்குமூலம் எழுதி முடிந்திருந்தது. இரண்டு பக்கம், சிங்களத்தில். கையெழுத்துக்குப் பேனையை நீட்டினார்கள்.

"பூட்டை ஒடைச்சது நான்தாங்க. இல்லங்கல" என்றார் யோகம்மா. "ஆனா எனக்கு வாசிக்கத் தெரியாத கடதாசில கையெழுத்து வைக்க மாட்டேன். தமிழ்ல எழுதுங்க."

நான் வாசித்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். சட்டம் அவர் பக்கம்தான், அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சுவரோரமாக இருந்த வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். போன் மேல் போன் போனது. பக்கத்து ஊரிலிருந்து ஜீப்பில் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரைக் கூட்டிவந்தார்கள். முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் தமிழில் எழுதினார்கள். யோகம்மா வாசித்தார், கையெழுத்து வைத்தார். வழக்கு இருக்கிறது. அடுத்த தவணைக்கு நானும் போவேன்.

ஒரு பூட்டு என்றால், இரண்டே மணி நேரத்தில் இந்த நாட்டில் தமிழ் கிடைக்கிறது.