ராகிக் கஞ்சியில் ஒரு ஸ்கூப்

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பெங்களூரில் எத்தனையோ பேர் கால் நோகாமல் பத்தாவது மாடி ஏறுவதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் குடியிருப்பது மட்டும் பொம்மனஹள்ளியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். நல்ல நாளில் இதைச் சொல்லி நானே சிரிப்பேன். டைபாய்டு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பிய அன்று சிரிப்பு வரவில்லை. முதல் மாடியில் ஒருமுறை உட்கார்ந்தேன். இரண்டாவது மாடியில் ஒருமுறை உட்கார்ந்தேன். மூன்றாவது மாடிக்கு என் அக்கா என்னைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

என் வேலைக்குக் கால் பலம் வேண்டும். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமுக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஆறு வாரம் கழித்துக் கம்பெனி டாக்டர் பார்ப்பார், அவர் சரி என்றால் ஏணி, இல்லையென்றால் ஆபீஸில் உட்கார்ந்து புகார் ஃபோன் எடுக்கும் வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கு இருக்கும் வாய்க்கு நான் புகார் ஃபோன் எடுத்தால் ஒரே வாரத்தில் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அது மட்டுமில்லை, பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான். அந்த ஏணி எனக்கு வேண்டும்.

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் அம்மா புரோட்டீன் பவுடர் ஒரு டப்பா எழுதிக் கொடுத்தார். நானும் அக்காவும் அந்த டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு போரைத் தொடங்கினோம்.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால், மாமாவை ஆம்பூரில் ஓட்டல் சாப்பாட்டிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள்.

“இது எதுல செய்யறாங்கடா?”

“பால்ல இருந்து எடுக்கறதுக்கா.”

“அப்போ மீன் சாப்பிடற அன்னிக்கு இதைத் தொடக் கூடாது. பாலும் மீனும் சேர்ந்தா வெள்ளை வெள்ளையா தழும்பு வரும்.”

அன்று ஆரம்பித்தது. பவுடர் சூடு, முட்டையும் சூடு, இரண்டும் சேர்ந்தால் கண் எரியும். வாழைப்பழம் குளிர்ச்சி, சேர்த்தால் சளி கட்டும். எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்ட வயிற்றில் ஊற்றினால் உள்ளே போய்த் திரிந்துவிடும். வயிற்றுக்குள் ஏற்கெனவே இருக்கும் அமிலத்துக்கு முன்னால் அரை மூடி எலுமிச்சம்பழம் எந்த மூலைக்கு என்று நான் கத்தினேன். “உன் வயித்துக்குள்ள நீ எட்டிப் பாத்தியா?” என்று அவள் கேட்டாள். 

அவளாவது படிக்காதவள் என்று வைத்துக்கொள்ளலாம். என்னோடு வேலை செய்யும் ஒருவன் ஜிம்முக்குப் போகிறவன், சட்டைக் கை கிழியும் அளவுக்கு உடம்பு. பார்க்க வந்தவன், வெந்நீரில் கலந்தால் புரோட்டீன் செத்துப்போகும் என்றான். அப்படியானால் வேகவைத்த முட்டையில் என்னடா மிச்சம் இருக்கும் என்று கேட்டேன். அது வேறயாம். டீ குடித்து இரண்டு மணி நேரம் ஆகாமல் குடிக்கக் கூடாதாம். கீரையோடு சேர்த்தால் கிட்னி போய்விடுமாம். அக்கா உள்ளே இருந்து ஓடி வந்து, “பாத்தியா, பாத்தியா” என்றாள். என் வாழ்க்கையில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் கிட்னிதான்.

ஒரு வாரத்தில், அந்தப் பவுடரோடு எதைச் சேர்க்கலாம் என்று கணக்குப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. அதிலும் பானைத் தண்ணீர் கூடாது, சளி. கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம். எங்கள் வீட்டில் சொல்கிறவர்களே கேட்கிறவர்களாகவும் இருந்தார்கள், நெய் ஆறாக ஓடியது.

எனக்குக் கோபம் வந்தால் குரல் மூன்று மாடியும் கேட்கும். நோயில் எல்லாம் மெலிந்தது, குரல் மட்டும் மெலியவில்லை. ஒரு நாள் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். “எனக்கு வேலை போயிடும்கா! உன் சூடும் குளிர்ச்சியும் வந்து ஏணி ஏறுமா? இனிமே இந்தப் பவுடரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே.” அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஒரேயடியாக இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று மறுநாள் டயட்டீஷியன் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, அக்காவின் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். என் வாய்க்கு அப்போது பிடித்தது ராகிக் கஞ்சி ஒன்றுதான். அதில் இந்தப் பவுடரைக் கலக்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. கன்னடத்தில் சொன்னார்: “ராகி கஞ்சி ஜொதெ ஒந்து ஸ்கூப் சாக்கு. எரடு பேடா. சாக்கு, சாக்கு.” ஒன்றே போதும், இரண்டு வேண்டாம் என்கிறார். பாலோ பழமோ எதோடு வேண்டுமானாலும் கலக்கலாம், கஞ்சி கொதிக்கும்போது போட்டால் கட்டி தட்டும், இறக்கி வைத்துக் கொஞ்சம் ஆறியதும் கலக்குங்கள், அவ்வளவுதான் என்றார்.

நான் வெற்றிப் பெருமிதத்தோடு அக்காவைப் பார்த்தேன். “கேட்டுக்கிட்டியா?”

“கேட்டேன்” என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. தோற்ற முகம் என்று நினைத்தேன். ஒரு தட்டுப் பணியாரம் தின்ற திருப்தி எனக்கு.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. தினமும் காலையில் கஞ்சி வந்தது, பவுடர் கலந்து வந்தது. ஆனால் ஆறிப்போய் வந்தது, மேலே ஆடை படிந்து, கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி. ஆறு மணிக்கே கஞ்சி வாசனை வரும். கஞ்சி என் கைக்கு வருவது ஏழு மணிக்கு. “ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு தெரியாதா உனக்கு?” என்று அதற்கும் ஒரு பாட்டம் கத்துவேன். கொஞ்சம் ஆறியதும் கலக்கச் சொன்னால் கஞ்சிக்கு ஈமச்சடங்கே செய்துவிட்டுக் கொண்டு வருகிறாள் என்று ஜிம்காரனிடம் ஃபோனில் கிண்டலும் செய்தேன். அக்கா காதில் விழுந்திருக்கும். தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். “என்ன, படமா ஓடுது என் மூஞ்சியில?” என்பேன்.

உடம்பு தேறியது. நாலாவது வாரம் மூன்று மாடியும் ஒரே ஒரு முறை நின்று ஏறினேன். ஐந்தாவது வாரம் நிற்கவில்லை.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கீழ்வீட்டுக்காரர்கள் பேரப் பிள்ளைக்குப் பெயர் வைத்து விருந்து போட்டார்கள். அவர்கள் மண்டியா பக்கத்துக்காரர்கள். மொட்டை மாடியில் ஷாமியானா, வாழை இலை, ஒப்பட்டு. ஒப்பட்டு நம்ம போளிதான். நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். அக்கா வந்து ஆறு வாரம் ஆகியும் கன்னடம் அவள் காதில் அதிகம் விழுந்ததில்லை. எங்கள் தெருவில் காய்காரர் கிருஷ்ணகிரி, மளிகைக் கடை திருவண்ணாமலை, பால்காரர் எல்லா மொழியும் பேசுவார்.

ஒப்பட்டுத் தட்டோடு ஓர் அம்மாள் வரிசையில் வந்தாள். முதல் இலைக்காரர் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு, “சாக்கு, சாக்கு” என்றார். அடுத்தவர், “அய்யோ, சாக்கு!” எதிர் வரிசையில் நெய் ஊற்றிக்கொண்டு போனார்கள், அங்கேயும், “சாக்கு, சாக்கு.” ஒரு சின்னப் பெண் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, “சாக்கும்மா” என்றாள்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. “என்னடா, குழந்தைக்குப் பேர் வெச்ச வீட்ல எல்லாரும் சாகு சாகுங்கறாங்க?”

“சாகு இல்லக்கா, சாக்கு. போதும்னு அர்த்தம்.”

அவள் என்னைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, புரை ஏறியது. பரிமாறின அம்மாள் என்னவோ ஏதோவென்று பதறித் தண்ணீர் கொடுத்தாள். நான் தலையில் தட்டினேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டால் கையை ஆட்டினாளே தவிரப் பேச்சு வரவில்லை.

மொட்டை மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே மாடி இறங்க வேண்டும். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே உட்கார்ந்துதான் சொன்னாள்.

“அன்னிக்கு அந்த டாக்டரம்மா ஃபோன்ல சொன்னாங்களே. ராகிக் கஞ்சியில ஒரு ஸ்கூப் போட்டா சாகுன்னு என் காதுல விழுந்துச்சுடா. ரெண்டு போட்டா பேதி.”

“பேதியா?”

“அதான், ரெண்டு பேடான்னாங்களே. ஒண்ணுலயே செத்தவனுக்கு ரெண்டாவதுல எப்படிப் பேதி ஆகும்னு நானும் யோசிச்சுப் பாத்தேன். நீ வேற சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டியாங்கற. டைபாய்டு வந்தா காது மந்தமாவும்னு சொல்லுவாங்க, உனக்குத்தான் சரியா கேக்கலன்னு நெனச்சேன்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவள் காதுக்கும் அப்படித்தான் போல. நானும் சிரித்தேன். நன்றாக, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

“இரு இரு அக்கா. சாகும்னு நெனச்சிக்கிட்டா தெனமும் எனக்குக் கலந்து குடுத்த?”

“சும்மா குடுப்பேனா? மொதல்ல நான் அரை தம்ளர் குடிச்சுடுவேன். முக்கா மணி நேரம் பாப்பேன். ஒண்ணும் ஆகலன்னா உனக்கு ஊத்தித் தருவேன். அதான் ஆறிப்போவும். ஆறிப்போச்சு ஆறிப்போச்சுன்னு நீதான் குதிப்பியே.”

“ஒரு நாள் பாத்தாப் பத்தாதா? தெனமுமா?”

“தெனமும் புதுசாத்தானே கலக்கறோம்?” என்றாள், அடுப்படி விஷயம் எதுவும் தெரியாதவனுக்குச் சொல்வது போல. “மொத நாள் கொஞ்சம் பயமா இருந்துச்சு. குடிச்சிட்டு மாமாவுக்கு ஃபோன் போட்டேன். என்னடி காலையிலன்னாரு. சும்மாதான், இட்லி கெடச்சுதான்னு கேட்டு வெச்சிட்டேன். அப்புறம் பழகிப்போச்சு.”

நான் அடுத்த படியில் உட்கார்ந்தேன். மேலே இன்னும் பந்தி நடந்துகொண்டிருந்தது. கஞ்சி ஆறியதற்காக நான் கத்தின ஒவ்வொரு காலையும் வரிசையாக ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்கவில்லை.

“ஏங்கா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?”

“அந்தப் பவுடரைப் பத்திப் பேசாதன்னியே. கேட்டா கத்துவ.”

இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்கிற மாதிரிதான் சொன்னாள். விஷம் என்று நம்பியதை இருபத்தைந்து நாளுக்கு மேல் காலையில் முதலில் தான் குடித்துப் பார்த்தவளுக்கு, என் குரலுக்கு எதிரே ஒரு கேள்வி கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

மறுநாள் கம்பெனி டாக்டர் என்னைப் படி ஏறி இறங்கச் சொன்னார், உட்கார்ந்து எழச் சொன்னார், சரி என்று கையெழுத்துப் போட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ராகிக் கஞ்சியில் பவுடர் என்றேன். நல்ல சேர்க்கை என்றார். அந்த வாரமே அக்கா ஊருக்கு ரயில் ஏறினாள். அவளை ஸ்டேஷனில் பார்த்த மாமா எனக்கு ஃபோன் செய்து, நோயாளியைப் பார்க்கப் போனவள் எப்படி இப்படித் தேறி வந்திருக்கிறாள் என்று விசாரித்தார். அரை தம்ளர் விஷத்தின் மகிமை என்று அவரிடம் சொல்லவில்லை. அதை அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

போன வாரம் காலையில் அக்காவின் ஃபோன் வந்தது. நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். பவுடர் கலந்த கஞ்சி ஒரு பக்கம், மதியத்துக்கு முள்ளங்கி சாம்பார் அடுப்பில்.

“டேய், பவுடர் குடிக்கிற அன்னிக்கு முள்ளங்கி சேக்கக் கூடாதாமே? எதிர்வீட்டுல சொன்னாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நெஜமா இல்லையான்னு எனக்குத் தெரியாது, கத்தாத” என்றாள்.

வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“அப்படியாக்கா? நல்ல வேளை சொன்ன” என்றேன். சாம்பாரை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, ரசத்துக்குப் புளி ஊறப் போட்டேன்.