பட்டில் தைல வாசனை

புடவைக் கடையில் பாதியை நாக்கு விற்கும். மீதியைக் கைதான் விற்கும். தி. நகரில் பதினாறு வருஷம் பட்டுப் பிரிவில் இருந்தவன் நான். மெத்தையில் உட்கார்ந்தபடி ஒரு உதறு உதறினால், முந்தானை எதிரே இருப்பவரின் மடியில் போய் விழும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அந்தக் கை போயிற்று. தோள்வலிக்காரர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மூட்டை

தீபாவளிக்கு முந்தைய வாரம் காஞ்சிபுரத்துச் சரக்கு வந்திறங்கியது. சுமைக்காரர் வரவில்லை. முதலாளி பார்க்கிறாரே என்று ஒரு மூட்டையைத் தனியாகப் பரணுக்கு ஏற்றினேன். வலது தோளில் மளுக்கென்றது. ஒன்றுமில்லை என்று சிரித்தேன். பக்கத்து மெத்தை அருணாசலம் மட்டும் நம்பவில்லை.

"ஒத்தையில தூக்கச் சொல்லி உம்மள யாருவே கேட்டா?"

தைலம்

வைத்தியர் தைலம் தேய்க்கச் சொன்னார். பட்டில் எண்ணெய் பட்டால் தொலைந்தது. அதனால் தோளில் துணி சுற்றி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கறையை மறைத்தேன், வாசனையை மறைக்க முடியவில்லை. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த மயிலாப்பூர் மாமி ஒருவர், நான் வலியோடு எடுத்துப் போட்டதை முகர்ந்து பார்த்து, என் தோளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"கூரைப்புடவைன்னா மஞ்சள் வாசனை வரணும். இதுல தைலம்னா அடிக்கறது!"

இடது கை

இடது கையால் உதறிப் பழகினேன். சாந்தோமிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாளின் முகத்தை முந்தானை மூடிவிட்டது. துணியை விலக்கிவிட்டு அவர் கேட்டதற்குக் கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதால் வலி தெரிந்துவிடுமே.

"இன்னா நைனா, பொடவ காட்றியா, கொசு ஓட்டிக்கினுகீறியா?"

வாசல்

பிறகு நான் பேச, அருணாசலம் விரிக்க, பத்து நாள் ஓட்டினோம். பதினோராம் நாள் முதலாளி பின்னால் வந்து நின்றார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரு வேலைக்கு ரெண்டு ஆளு எதுக்குவே? நீரு வாசல்ல நின்னு வர்றவங்களக் கும்பிடும்."

மறுபடியும் மாமி

கும்பிடக்கூட வலது கை வயிற்றுக்கு மேல் எழவில்லை. இடது கையை நெஞ்சில் வைத்து 'வாங்க' என்றேன். தைலத்தையும் விட்டுவிட்டேன். வாசலில் நிற்பவனுக்குத் தோள் எப்படி இருந்தால் என்ன? தை மாதம் அதே மாமி இரண்டாவது மகளோடு படியேறினார். என் அருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும், அதுவரை அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது.

"தைல வாசனையே காணோமே! கை சரியாயிடுத்தோன்னோ? வாங்கோ, இவளுக்கு நீங்களே விரிச்சுக் காட்டுங்கோ."

பட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நல்லவேளை, அந்தக் கதவு இடது கைக்கே திறக்கிறது.