கட்டத்தில் இல்லாத நட்சத்திரம்

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டும் ரங்கம்மாள் என் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். சொல்லட்டும், வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்.

ஒரு தை மாதம் கரும்புக்கொல்லையிலேயே அவளுக்கு வலி கண்டது. புருஷன் வண்டி பிடிக்க ஓடினான். அவன் வருவதற்குள் ரம்யா பிறந்துவிட்டாள். பொழுது கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்கி, கரும்புப் பூவெல்லாம் சாம்பலாகத் தெரிந்த நேரம். காய்ந்த கரும்புச் சோகைமேல் மல்லாந்து கிடந்தவளுக்குக் கிழக்கு வானத்தில் ஒரு மீன் தெரிந்தது. வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுக்கு வலப்பக்கம், நீலமாக. குழந்தை அழுததும் அது கிட்டே வந்து குனிந்து பார்த்ததாம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் குரல் தணிந்துவிடும்.

மகளுடைய நட்சத்திரம் அதுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பிறக்கும்போது எது தெரிகிறதோ அதுதானே பிறந்த நட்சத்திரம்! அதன் பெயர் ரைகல், சூரியன் அதற்கு முன்னால் கடுகு என்று ரம்யா கல்லூரியில் படித்துவந்து சொன்னபோது, தெரியும் என்றாளே தவிர ஆச்சரியப்படவில்லை.

போன தையில் ரிஷிவந்தியத்திலிருந்து கமலா தன் மகன் தமிழரசனுக்குப் பெண் கேட்டு, பொழுது சாய ஜோசியரோடு வந்தாள். பையனும் ரம்யாவும் ஏற்கெனவே மனம் ஒத்தவர்கள். ஆனால் நட்சத்திரம் பொருந்தினால்தான் பூ வைப்பது, இல்லையென்றால் பேச்சே இல்லை என்று கமலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ரம்யாவுக்குச் சோறே இறங்கவில்லை.

ஜோசியர் நட்சத்திரம் கேட்டதும் ரங்கம்மாள் எல்லோரையும் வாசலுக்கு அழைத்துப் போய் வானத்தைக் காட்டினாள். நானும் பின்னாலேயே போனேன். இடப்பக்கம் சிவப்பாக இருப்பது திருவாதிரை, அதற்கு ஜாதகக் கட்டத்தில் இடமுண்டு, இதற்கு இல்லை என்றார் அவர். பிறந்த அன்று நிலா எதில் நின்றதோ அதுதான் கணக்காம். பாவம், நல்ல மனுஷன். ரோகிணி என்று போட்டுக்கொள்ளலாம், பொருத்தம் அமோகமாக இருக்கும் என்று ரங்கம்மாள் காதோடு சொன்னார். தலையை ஆட்டித் தொலையேன் என்று நான் அவள் கையைக் கிள்ளினேன்.

"அன்னைக்கி நிலாவே வரலைங்க," என்றாள் ரங்கம்மாள். "ஒத்த ஆளா கத்திக்கினு கெடந்தேன். கூட இருந்தது அதுதான். இப்ப அத இல்லன்னு எப்படிங்க சொல்றது?"

ஜோசியர் கமலாவைப் பார்த்தார். கமலா அந்த நீல மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவுக்குப் பின்னால் ரம்யா விசும்புவது கேட்டது.

"தனியாவா பெத்த?" என்று கமலா கேட்டாள்.

ரங்கம்மாள் தலையசைத்தாள். கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தான் கொண்டுவந்த தட்டிலிருந்து பூவை எடுத்து ரம்யாவின் தலையில் வைத்தாள்.